கார்டிஃப் 1958: மில்காவைத் தேடிப் போய் சூசன் ஆல்டேயிடம் சிக்கிக்கொண்டேன்

மஞ்சள்கோடு எழுதியது:

மகனுக்குப் பள்ளியில் மில்கா சிங் பற்றிப் பேச்சுப் போட்டி. 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் 440 கெஜ ஓட்டத்தில் அவர் தங்கம் வாங்கிய கதையை எழுதிக் கொடுக்கலாம் என்று அந்தப் போட்டியின் முடிவுப் பட்டியலைத் திறந்தேன். மில்கா கிடைத்துவிட்டார். அதோடு மூடியிருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை, பெண்கள் பகுதிக்கு இறங்கினேன். வட்டு எறிதலில் முதலிடம், இங்கிலாந்தின் சூசன் ஆல்டே, கிட்டத்தட்ட 46 மீட்டர். கொஞ்சம் தள்ளி, குண்டு எறிதலில் இரண்டாமிடம், அதே பெயர், 14.44 மீட்டர்.

நானும் பள்ளிக் காலத்தில் குண்டு எறிந்தவன்தான். மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறேன். ஆறு பேரில் ஆறாவது. அதனாலோ என்னவோ அந்தப் பெயரைத் தாண்ட மனம் வரவில்லை. மகனின் பேச்சு அப்படியே கிடக்கிறது, நான் இதில் இறங்கிவிட்டேன்.

சேர்த்தவரைக்கும் சொல்கிறேன். 1934 நவம்பரில் பிறந்தவர். மணமாகும் முன் சூசன் ஃபார்மர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 17. பிறகு 1956 மெல்போர்ன், 1960 ரோம், ஆக மூன்று ஒலிம்பிக். காமன்வெல்த்தில், 1954 வான்கூவரில் வட்டு எறிதலில் வெள்ளி. 1958 கார்டிஃபில் மேலே சொன்ன இரண்டு. 1962 பெர்த்தில் குண்டு எறிதலில் வெண்கலம். கணவர் பீட்டர் ஆல்டே சங்கிலிக் குண்டு (ஹேமர்) எறிபவர், அவரும் ஹெல்சின்கிக்கும் மெல்போர்னுக்கும் போனவர். ஒரே வீட்டில் குண்டு, வட்டு, சங்கிலிக் குண்டு! அந்த வீட்டில் சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். சூசன் 2017இல் காலமானார்.

கேள்வி இதுதான். ஒலிம்பிக் மேடை ஏறாத, ஆனால் பத்து வருடம் விடாமல் நின்ற இந்த மாதிரி வாழ்க்கையை எந்தத் தராசில் நிறுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓட்டைவாளி எழுதியது:

தராசு எதற்கு நண்பரே, டேப் போதும்.

பெண்கள் குண்டு எறிதலில் ஒலிம்பிக் தங்கத் தூரங்களைப் பாருங்கள். 1948 லண்டன் 13.75. 1952 ஹெல்சின்கி 15.28. 1956 மெல்போர்ன் 16.59. 1960 ரோம் 17.32. 1964 டோக்கியோ 18.14. பதினாறு வருடத்தில் 4 மீட்டர் 39 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. வேறு எந்தப் போட்டியில் இப்படி ஏறியது?

இப்போது உங்கள் ஆல்டே. 1958இல் 14.44. இரண்டு வருடத்துக்கு முன்பே மெல்போர்னில் சோவியத்தின் தமாரா டிஷ்கெவிச் போட்டது 16.59. நடுவில் 2 மீட்டர் 15 சென்டிமீட்டர். ஒரு ஆள் நீட்டிப் படுத்தால்கூட அந்த இடைவெளி மூடாது. கார்டிஃபிலேயே நியூசிலாந்தின் வேலரி ஸ்லோப்பர் 15.54 போட்டுத் தங்கம் வாங்கினார், அவரோடு வித்தியாசம் 1 மீட்டர் 10.

காமன்வெல்த் என்றால் ரஷ்யா கிடையாது, ஜெர்மனி கிடையாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கெட்ட வீராங்கனை என்று சொல்லவில்லை. சுமாரை சுமார் என்று சொல்லலாம், தப்பில்லை.

---

பழைய_பி.டி எழுதியது:

தம்பி ஓட்டைவாளி, டேப் பொய் சொல்லாது, சரி. ஆனால் டேப்பை எந்தத் தரையில் போட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன்.

முதலில் ஒரு முணுமுணுப்பு. குண்டு ‘எறிதல்’ என்று தமிழில் சொல்லிப் பழகிவிட்டோம், எறிந்தால் தப்பாட்டம். கழுத்தோடு ஒட்டி வைத்து, தோளிலிருந்து தள்ள வேண்டும். பெண்களுக்கு 4 கிலோ, வட்டம் 2.135 மீட்டர், முன்னால் நிறுத்துப் பலகை. அந்த ஏழடிக்குள்தான் எல்லாம்.

இன்றைக்கு அந்த வட்டம் கான்கிரீட். 1950களின் தொடக்கத்தில் பெரும்பாலும் கரித்தூள், அல்லது இறுக்கிய மண். கான்கிரீட் மெல்லத்தான் வந்தது. மண் வட்டத்தில் போட்டவர்களுக்கு மட்டும் தெரியும் கஷ்டம் அது. முதல் ஆள் போடும்போது தரை சமமாக இருக்கும். எட்டாவது ஆள் வரும்போது பின்னங்கால் வைக்கும் இடத்தில் குழி. குழியில் கால் வைத்தால் உந்துதல் போச்சு, வைக்காமல் தாண்டினால் வேகம் போச்சு. முதல் நாள் மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டாம், செருப்பில் சேறு அப்பிக்கொண்டு இன்னும் அரை கிலோ கூடிவிடும். இங்கிலாந்து மழை எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, முறையே அந்தச் சமயத்தில்தான் தலைகீழாக மாறியது. அதற்கு முன் பக்கவாட்டில் நின்று, ஒரு தத்து தத்தி, தள்ளுவார்கள். அமெரிக்காவின் பாரி ஓ’பிரையன் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்க ஆரம்பித்தார். 1952 ஹெல்சின்கியில் தங்கம், 1954இல் உலகத்திலேயே முதல் ஆளாக 60 அடி தாண்டினார். அப்புறம் எல்லோரும் முதுகைக் காட்டினார்கள். அதாவது 1952இல் 17 வயதில் ஒலிம்பிக் போன ஒரு பெண்ணின் தலைமுறை, சின்ன வயதில் உடம்பில் ஏற்றியதைப் பாதி வழியில் இறக்கிவிட்டு மறுபடி படிக்க வேண்டியிருந்தது. கை மறப்பதற்குள் கால் மறந்துவிடும், கால் பழகுவதற்குள் போட்டி வந்துவிடும். இதைப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன், ஒரு வருடம் தூரம் குறையத்தான் செய்யும்.

அதோடு அவர் செய்தது இரண்டு போட்டி. வட்டு சுழற்சி, குண்டு அன்றைக்கு நேர்கோடு. ஒன்றில் இடுப்பு பழகினால் இன்னொன்றில் இடுப்பு சண்டை போடும்.

---

சுன்னாகத்தான் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்தவன், இப்ப நாற்பது வருடமாக லண்டன். எங்களுக்கு இது ‘குண்டு போடுதல்’, வட்டு எறிதல் ‘பரிதி வட்டம்’. மாஸ்டர் ஐயாவின் முணுமுணுப்பு எங்கட சொல்லுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன், ‘போடுதல்’ சரிதானே!

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. சாப்பாடு. இங்கே நான் வந்த புதிதில் வாடகைக்கு இருந்த வீட்டுக் கிழவி, ஒரு முட்டை ஓட்டை விரலால் வழித்துத்தான் எறிவா. ஒரு சொட்டு வெள்ளை மிஞ்ச விடமாட்டா. ஏன் என்று கேட்டதற்கு, சின்ன வயதில் வாரத்துக்கு ஒரு முட்டை என்றா.

பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது 1940 ஜனவரி. இரண்டாம் உலகச் சண்டை 1945இல் முடிந்தாலும் பங்கீடு முடியவில்லை. பாணுக்கு (உங்கள் ரொட்டிக்கு) பங்கீடே சண்டைக்குப் பிறகுதான் வந்தது, 1946 முதல் 1948 ஜூலை வரை. இறைச்சிக்கான பங்கீடு கடைசியாக நின்றது 1954 ஜூலை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வீரர்களுக்குக் கொடுத்ததே துறைமுகத் தொழிலாளருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் கொடுத்த அளவு, அதைத்தான் பெரிய சலுகையாகக் கொடுத்தார்கள்.

சூசன் பிறந்தது 1934 நவம்பர் என்றால் கணக்குப் பாருங்கள். ஐந்து வயதில் பங்கீடு தொடங்குகிறது, 19 வயதில் முடிகிறது. எலும்பும் தசையும் வளருகிற வயது முழுக்கப் பங்கீட்டுப் புத்தகத்துக்குள்ளே. அதுக்குள்ள இருந்து ஒரு பிள்ளை வந்து ஹெல்சின்கி ஒலிம்பிக் வரைக்கும் போயிருக்கு.

---

ஓட்டைவாளி எழுதியது:

சுன்னாகத்தான் அண்ணே, நெஞ்சைத் தொட்டுவிட்டீர்கள், ஆனாலும் விடமாட்டேன்.

1952இல் தங்கம் வாங்கிய கலீனா சிபினா யார் தெரியுமா? லெனின்கிராட் பெண். அந்த ஊரை ஜெர்மன் படை 872 நாள் முற்றுகையிட்டது. வாரத்துக்கு ஒரு முட்டை இல்லை, மரத்தூள் கலந்த ரொட்டி. சிபினாவுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. அம்மாவும் சகோதரனும் அந்த முற்றுகையிலேயே போய்விட்டார்கள். அவர் எலும்பும் தோலுமாக உயிர் பிழைத்து, பத்தே வருடத்தில் 15.28 போட்டு உலக சாதனை. சாப்பாடுதான் காரணம் என்றால் அவர் பக்கத்துத் தெருவுக்குக்கூட குண்டைத் தள்ளியிருக்க முடியாது.

---

பழைய_பி.டி எழுதியது:

நல்ல அடி. ஆனால் பந்து உங்கள் பக்கமே திரும்பி வருகிறது தம்பி.

சிபினாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் விக்டர் அலெக்சேயெவ். லெனின்கிராடில் அவர் நடத்தியது ஒரு முழுப் பட்டறை. 1952இல் சிபினா. 1956இல் டிஷ்கெவிச், சிபினா வெறும் 6 சென்டிமீட்டரில் இரண்டாமிடம். 1960, 1964இல் தமாரா பிரெஸ். மூன்று பேரும் அவர் பிள்ளைகள். நான்கு ஒலிம்பிக் தங்கம் ஒரே வாத்தியார் கையிலிருந்து! நீங்கள் பட்டியல் போட்ட அந்த 4 மீட்டர் 39இல் பெரும்பங்கு ஒரு மனிதரின் பட்டறைக்குச் சேர வேண்டியது.

இங்கிலாந்தில் என்ன? ஜெஃப் டைசன் 1947 முதல் 1961 வரை தலைமைப் பயிற்சியாளர். பெரிய மூளைக்காரர், எறிதலின் இயக்கவியலை அக்கு வேறாக ஆணி வேறாகப் பிரித்தவர். அவரும் கையளவு பயிற்சியாளர்களும் நாடு முழுக்க, எல்லாப் போட்டிக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும். அதில் ஒரு குண்டு எறியும் பெண்ணுக்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் கிடைத்திருக்கும்? வீட்டில் சங்கிலிக் குண்டு எறியும் கணவர் இருந்தது வரம் என்றுதான் நினைக்கிறேன். குறைந்தது, குண்டைப் பொறுக்கிக்கொண்டு வர ஓர் ஆள்.

ஆகவே என் கணக்கு இது: ஆல்டேயை டிஷ்கெவிச்சோடு ஒப்பிடுவது, தெருவில் பாடிப் பழகியவரை குருகுலத்தில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவரோடு ஒப்பிடுகிற மாதிரி. தூரத்தை ஒப்பிடலாம். ஆளை ஒப்பிட முடியாது.

---

மஞ்சள்கோடு எழுதியது:

ஐயா, குண்டைப் பொறுக்கிக்கொண்டு வருவது என்றதும் எனக்கு எங்கள் மைதானம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே ஒரு குண்டு. போடுவது ஐந்து வினாடி, போய் எடுத்து வருவது ஒரு நிமிடம்.

இன்னொரு கணக்கு போட்டேன். 14.44ஐ 1948 லண்டனுக்குக் கொண்டுபோனால் தங்கத்தைவிட 69 சென்டிமீட்டர் அதிகம். 1952 ஹெல்சின்கிக்குக் கொண்டுபோனால் வெண்கலம் 14.50, ஆறே சென்டிமீட்டரில் பறிபோகிறது. என் சுண்டுவிரல் அளவு. பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் இந்த இழையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

---

கழுகுமலை_ராசா எழுதியது:

1948 பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். விளையாட்டில் எனக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது, உளவுக் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். அந்த வழியில் எனக்குத் தெரிந்த ஒரே குண்டு எறியும் பெண்மணி பெவிஸ் ரீட்.

பெண்கள் குண்டு எறிதல் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 1948 லண்டனில்தான். அதில் பிரிட்டனுக்காகக் குண்டு, வட்டு இரண்டும் எறிந்தவர் பெவிஸ். ஆல்டேக்கு முந்தைய தலைமுறை, 1919இல் பிறந்தவர். அவர் கணவர்தான் ஹரால்ட் ஷெர்கோல்ட். பெயர் சொன்னால் உளவுக் கதைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6இன் அதிகாரி. போருக்கு முன் பள்ளி வாத்தியார். 1961இல் ஜார்ஜ் பிளேக் என்கிற இரட்டை உளவாளியை மேசைக்கு எதிரே உட்கார வைத்து, கை ஓங்காமல், குரல் உயர்த்தாமல், ஒப்புக்கொள்ள வைத்தவர். அதே வருடம் ஏப்ரலில் சோவியத் கர்னல் ஒலெக் பென்கோவ்ஸ்கி லண்டன் வந்தபோது ஹோட்டல் அறையில் ராத்திரி ராத்திரியாக அவரிடம் பேசிய நால்வர் குழுவில் பிரிட்டன் பக்கத்து மூத்தவர் இவர். கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்காவுக்குக் கைகொடுத்தது பென்கோவ்ஸ்கி அனுப்பிய ஏவுகணைக் கையேடுகள்.

அந்த ராத்திரிகளில் வேலை முடித்து ஷெர்கோல்ட் வீடு திரும்பினால் கதவைத் திறப்பவர் ஒலிம்பிக்கில் குண்டு எறிந்த அம்மா. திருடன் வந்தால் அவரை முன்னால் அனுப்பியிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

---

நாலுகிலோ எழுதியது:

இத்தனை ஆண்கள் பேசிவிட்டீர்கள், நான் உள்ளே வரலாமா? பல்கலைக்கழக அளவில் குண்டு எறிந்தவள். இப்போது முட்டி வலி, அடையாளமாக மிச்சம் இருப்பது வலது கழுத்தோரம் ஒரு கறுத்த தழும்பு. நான்கு கிலோ இரும்பைத் தினம் அறுபது தரம் அங்கே அழுத்தி வைத்தால் தோல் அப்படித்தான் ஆகும். பெண் பார்க்க வந்த வீட்டில் ஒரு அம்மா அதை ‘தேமலா?’ என்று கேட்டார்.

1948இல் தங்கம் வாங்கியவர் யார் என்று யாரும் சொல்லவில்லையே. பிரான்சின் மிஷ்லின் ஓஸ்டர்மெயர். தொழில் பியானோ! பாரிஸ் இசைக் கல்லூரியில் முதல் பரிசு வாங்கியவர். குண்டில் தங்கம், வட்டில் தங்கம், உயரம் தாண்டுதலில் வெண்கலம். அந்தப் போட்டியில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு நடுவே ஒரே ஒரு சென்டிமீட்டர், 13.09, 13.08. அதாவது 1948 வரை இது பியானோ வாசிக்கும் விரல்களோடு வந்து ஜெயிக்கக்கூடிய போட்டி. நான்கே வருடத்தில் அந்தக் கதவு மூடிவிட்டது. ஆல்டே வந்து நின்றது மூடிய கதவுக்கு இந்தப் பக்கம்.

---

தீப்பொறி_திருமுகம் எழுதியது:

எல்லாம் சரி, தமாரா பிரெஸ் பொம்பளையே இல்லைன்னு ஊரெல்லாம் பேச்சு. அதைப் பேசாமல் தூரத்தைப் பேசி என்ன பிரயோஜனம்?

---

மட்டுறுத்துநர் எழுதியது:

தீப்பொறி, இங்கே ஊர்ப்பேச்சுக்கு இடமில்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். பாலினச் சோதனை 1966இல் வந்தது. அதே காலத்தில் தமாராவும் தங்கை இரினாவும் போட்டியிலிருந்து விலகினார்கள். அதற்கு மேல் எதுவும் நிரூபணமாகவில்லை. அவர் 2021இல் இறந்துவிட்டார். இழையை மூட வைக்காதீர்கள்.

---

நாலுகிலோ எழுதியது:

மட்டுறுத்துநருக்கு நன்றி. ஆனால் அந்தச் சோதனையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அது ரஷ்யாவோடு நிற்கவில்லை.

1966 கிங்ஸ்டன் காமன்வெல்த்தில் குண்டு எறிதலில் வெள்ளி வாங்கியவர் மேரி பீட்டர்ஸ், தங்கம் கார்டிஃபில் ஜெயித்த அதே வேலரி ஸ்லோப்பர், அப்போது மணமாகி வேலரி யங். அந்தப் போட்டிக்கு முன் பெண்கள் எல்லோரையும் படுக்க வைத்துக் கையால் உடம்பைப் பரிசோதித்தார்கள். தன் வாழ்க்கையிலேயே அதைப் போல இழிவான அனுபவம் இல்லை என்ற பொருளில் மேரி பீட்டர்ஸ் பின்னாளில் எழுதினார். ஊர்ப்பேச்சு ஒரு நாட்டுப் பெண்ணைப் பற்றி ஆரம்பிக்கும், முடிவில் எல்லா நாட்டுப் பெண்ணும் படுக்க வேண்டியிருக்கும்.

நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார், பெயர் வேண்டாம், என் கையைத் தொட்டுப் பார்த்து, ‘உனக்கு எவன் கிடைப்பான்’ என்று மொத்த வகுப்புக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு 15 வயது. இரண்டு மாதம் மைதானத்துக்குப் போகவில்லை. 17 வயதில் ஹெல்சின்கியில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒரு அரங்கம் பார்க்க நின்ற பெண்ணைப் பற்றி எனக்கு முதலில் தோன்றுவது தூரம் அல்ல. அவர் தினமும் எந்த வழியாக மைதானத்துக்கு நடந்து போனார், வழியில் யார் என்ன சொன்னார்கள் என்பதுதான்.

---

தீப்பொறி_திருமுகம் எழுதியது:

அக்கா, மன்னிக்கணும். யோசிக்காம எழுதிட்டேன்.

---

சுன்னாகத்தான் எழுதியது:

கொஞ்சம் காற்று வரட்டும். தொப்பிக் கதை சொல்லவா?

1956 ஆகஸ்ட். சோவியத் தடகளக் குழு பிரிட்டனோடு மோத லண்டன் வந்தது, ஒயிட் சிட்டி மைதானத்தில் போட்டி. 1952இல் வட்டில் தங்கம் வாங்கிய நீனா பொனொமரேவா ஆக்ஸ்போர்ட் தெருவில் ஒரு கடைக்குப் போனார். ஐந்து தொப்பியைத் திருடினார் என்று பொலிசு பிடித்தது. மொத்தப் பெறுமதி 1 பவுண்ட் 12 ஷில்லிங் 11 பென்ஸ். சோவியத் குழு கோபித்துக்கொண்டு போட்டியையே ரத்துச் செய்துவிட்டது. நீனா வாரக்கணக்கில் தூதரகத்துக்குள் இருந்தார். அக்டோபரில் நீதிமன்றம் வந்து, குற்றவாளி என்று தீர்ப்பு, தண்டனை கிடையாது, செலவுக்கு 3 கினி (3 பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டச் சொன்னார்கள். அடுத்த மாதம் மெல்போர்னில் வெண்கலம், நான்கு வருடம் கழித்து ரோமில் மறுபடி தங்கம்!

சிரிப்பாக இருக்கும். பிரிட்டன் எறிவீராங்கனைகள் பக்கமிருந்து பாருங்கோ. உலகத்திலேயே சிறந்தவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து, சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால் மோதுகிற சந்தர்ப்பம். ஐந்து தொப்பியோடு போச்சு.

---

ஓட்டைவாளி எழுதியது:

ஹா ஹா. இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை.

விளையாட்டை வைத்துக் காசு பார்க்கக்கூடாது என்கிற அந்தக் காலத்து அமெச்சூர் விதிக்கு இன்னொரு கதை. 1954 வான்கூவரில்தான் காமன்வெல்த்தில் முதல்முறை பெண்கள் குண்டு எறிதல். நியூசிலாந்தின் இவெட் வில்லியம்ஸ் தங்கம். கனடாவின் ஜாக்கி மெக்டொனால்ட் வெள்ளி. ஜாக்கி வேலை பார்த்தது ஒரு ஆரஞ்சு பானக் கம்பெனியில். அதன் விளம்பரத்தில் தலை காட்டினார் என்று, வட்டு எறிய விடாமல் நிறுத்திவிட்டார்கள். சொந்த நாட்டில் நடந்த போட்டியில்! சூசன் ஆல்டே வெள்ளி வாங்கினது அந்த வட்டுப் போட்டியில்தான்.

சம்பளம் வாங்கக்கூடாது, விளம்பரம் கூடாது, பட்டறை வாத்தியார் கிடையாது. அந்தப் பக்கம் ராணுவமும் தொழிற்சங்கமும் சம்பளம் போட்டு வளர்க்கிறது. என் ‘சுமார்’ கொஞ்சம் ஆடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். முழுக்க விழவில்லை.

---

கழுகுமலை_ராசா எழுதியது:

ஒரு அறியாத கேள்வி. மேரி பீட்டர்ஸ் ஐரிஷ் இல்லையா? இந்த இழையில் ஏன் வருகிறார்?

---

நாலுகிலோ எழுதியது:

பிறந்தது இங்கிலாந்தின் லங்காஷயரில், 1939. பதினொரு வயதில் குடும்பம் வட அயர்லாந்துக்குப் போனது. போட்டியிட்டது வட அயர்லாந்துக்கு. அதனால் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடலாம், அங்கே அதைச் சத்தமாகச் சொன்னால் அடி விழலாம்.

எனக்குப் பிடித்த கதை அவருடைய பதினாறாவது பிறந்தநாள். அப்பா கொடுத்த பரிசு இரண்டு டன் மணல், நீளம் தாண்டக் குழி போட. பிறகு குண்டு எறிய கான்கிரீட் வட்டம். எங்கள் அப்பா எனக்கு அந்த வயதில் வாங்கித் தந்தது ஒரு தையல் மெஷின். நல்ல மெஷின், இன்னும் ஓடுகிறது, குறை சொல்லவில்லை.

மேரி 1970 எடின்பரோவில் 15.93 போட்டுக் காமன்வெல்த் தங்கம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பெண்டாத்லான் (குண்டு எறிதலும் சேர்ந்த ஐந்து போட்டிகளின் தொகுப்பு) தங்கம், போட்டி நடத்திய மேற்கு ஜெர்மனியின் ஹைடி ரோசன்டாலைவிட வெறும் 10 புள்ளி அதிகம், 4801. அன்று அவர் குண்டு போன தூரம் 16.20. அந்தக் குண்டு ஒரு சாண் குறைந்திருந்தால் தங்கம் கை நழுவியிருக்கும். குண்டு எறிபவள்தான் கடைசியில் ஜெயித்தாள் என்று நான் என் தோழிகளிடம் சொல்லிக்கொள்வேன்.

---

பழைய_பி.டி எழுதியது:

அப்புறம் ஜூடி ஓக்ஸ் 1988இல் 19.36. பிரிட்டனில் அந்தத் தூரத்தை இன்றுவரை எந்தப் பெண்ணும் தாண்டவில்லை. பெவிஸ், சூசன், மேரி, ஜூடி என்று ஒரு கயிறு போகிறது. நடுவில் அறுந்திருந்தால் தெரியாது, அறாமல் இருந்ததால் நமக்கு அது கயிறாகவே தெரியவில்லை. ஹெல்சின்கி முதல் பெர்த் வரை, பத்து வருடம் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சூசன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

---

மஞ்சள்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஒரு காரியம் செய்தேன். மகனையும் 30 மீட்டர் டேப்பையும் தெருவுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் கேட்டிலிருந்து 14.44 அளந்து சாக்பீஸால் கோடு போட்டோம். கோடு எங்கே விழுந்தது தெரியுமா? எதிர் வரிசையில் மூன்றாவது வீடு, அங்கே நிற்கும் ஸ்கூட்டரின் பின்சக்கரம். பழைய குண்டு பரணில் இருந்தது, துரு தட்டி இறக்கினேன். தெருவில் போட மனைவி விடவில்லை (நியாயம்தான்), கேட்டருகே நின்று கழுத்தில் வைத்து மட்டும் பார்த்தேன். அந்த ஸ்கூட்டர் அடுத்த ஊரில் நிற்கிற மாதிரி இருந்தது.

மகன் கேட்டான், ‘அப்பா, அந்த ஆன்ட்டி இங்கிருந்து அங்கேயா?’ ஆமாம் என்றேன். அவன் மில்காவை விட்டுவிட்டு இதைப் பேசட்டுமா என்கிறான். போட்டி வெள்ளிக்கிழமை.

---

பழைய_பி.டி எழுதியது:

பேசட்டும். ஒரு சந்தேகம் மட்டும். டேப்பின் பூஜ்யத்தைக் கேட்டில் எங்கே வைத்தீர்கள்? அளக்க வேண்டியது நிறுத்துப் பலகையின் உள் விளிம்பிலிருந்து. கேட்டுக்கு வெளிப்பக்கம் வைத்திருந்தால் தப்பு. திரும்ப அளந்துவிட்டு எழுதுங்கள்.